மன்னார்குடிப் பரணில் 31 கட்டுகள்

வாசகர் கடிதம்:

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். மன்னார்குடி ஓட்டு வீட்டை விற்றுவிட்டு அம்மாவை என்னோடு சென்னைக்கு அழைத்து வரப் போகிறோம். தை மாதக் கடைசியில் பத்திரப்பதிவு. பரணில் அப்பா சேர்த்த பத்திரிகைகள் 31 கட்டுகள் இருக்கின்றன. விகடன், கல்கி, குமுதம், துக்ளக், கணையாழி, தீபம், நாங்கள் படித்த அம்புலிமாமா, முத்து காமிக்ஸ், அப்பாவின் ஊழியர் சங்கப் பத்திரிகை, கோயில் மலர்கள், இன்னும் என்னென்னவோ. தாத்தா பைண்ட் செய்து வைத்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரும் உண்டு. அதன் ஓர் இடத்தில் ‘இந்த வாரம் கிடைக்கவில்லை’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். ‘எடைக்குப் போட்டுவிட்டு வா, யார் படிக்கப் போகிறார்கள்’ என்கிறான் அண்ணன். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பழைய பேப்பர்காரர் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று சாப்பிடவில்லை. என் வீட்டில் ஓர் அலமாரிக்குத்தான் இடம். இவற்றுக்கு மதிப்பு உண்டா? எப்படிப் பாதுகாப்பது? நூலகத்துக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? ஸ்கேன் செய்துவிட்டு அசலை விட்டுவிடலாமா?

— வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பழைய பேப்பர்காரரைத் தை மாதம் வரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டுக்கு 60 இதழ் என்று வைத்தாலும் 1,860 இதழ்கள். ஓர் இதழ் 150 கிராம் என்றால் மொத்தம் 280 கிலோவை ஒட்டி வரும். அதை ஓர் அலமாரியில் அடக்க முடியாது. பெரும்பகுதி வெளியேதான் போக வேண்டும். எது போகிறது, எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நூலகத்திலும் பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் வேலையிலுமாக இத்தனை வருடங்களில் நான் பார்த்த பெரிய இழப்புகள் எல்லாம், கட்டைப் பிரித்துப் பார்க்காமல் கொடுத்ததால் நேர்ந்தவை. எடைக்குப் போட்டதும் அப்படித்தான், நூலகத்துக்குக் கொடுத்ததும் அப்படித்தான்.

ஆகவே முதல் வேலை பட்டியல். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பத்திரிகையின் பெயர், மலர் எண், இதழ் எண், தேதி, அட்டை இருக்கிறதா, பூச்சி அல்லது ஈரம் உண்டா என்பவை போதும். பழைய இதழ்களில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருடமும் இருக்கும். ஆங்கிலத் தேதி கிழிந்து போயிருந்தாலும் ‘விக்ருதி ஐப்பசி’ என்று கண்ணில் பட்டால் அது 1950 என்று பிடித்துவிடலாம். ஒவ்வொரு வாரத்தையும் எழுத வேண்டியதில்லை. ‘குமுதம், 1983, ஜனவரி முதல் ஜூன் வரை, மூன்று இதழ் குறைவு’ என்று ஒரு வரியில் முடிக்கலாம். சிறு பத்திரிகைகளையும் ஊர்ப் பத்திரிகைகளையும் மட்டும் இதழ் இதழாக எழுதுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தால் நான்கைந்து நாளில் முடிந்துவிடும். அந்த இரண்டாவது ஆள் உங்கள் அம்மாவாக இருக்கட்டும். எந்தக் கட்டு எந்த வீட்டில் இருந்தபோது சேர்ந்தது, யாரிடம் இரவல் வாங்கித் திருப்பித் தராதது, எந்த இதழில் யாருடைய கடிதம் வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கடைசி ஒரு பத்தியைக் காலியாக விட்டு, அவர் சொல்வதை அதில் எழுதுங்கள். அன்று அவர் சாப்பிடாததற்குக் காரணம் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதாகக்கூட இருக்கலாம். நான் சந்தித்த பல வீடுகளில் அப்படித்தான் இருந்தது.

இனி மதிப்பு. இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் கணக்கு தலைகீழாகிறது. பளபளவென்று இருக்கும் விகடன், குமுதம் கட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, சாணித்தாளில் அச்சடித்த மெல்லிய சங்கப் பத்திரிகையைக் குப்பையில் போடுவார்கள். பெரிய வார இதழ்கள் லட்சக்கணக்கில் விற்றவை. 1980-க்குப் பிந்தைய பிரதிகள் நூலகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் ஏராளமாக இருக்கின்றன. உங்கள் அப்பாவின் ஊழியர் சங்கப் பத்திரிகை எத்தனை பிரதி அச்சாகியிருக்கும்? அதில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும்? ஒரு மாவட்டத்தின் எழுத்தர்கள் என்ன சம்பளம் கேட்டார்கள், யார் யார் எங்கே மாற்றலானார்கள், எந்தப் போராட்டத்தில் யார் பேசினார்கள் என்ற செய்தி அதில் மட்டும்தான் இருக்கும். கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், ஊர் வாசகசாலையின் வெள்ளிவிழா மலர், உள்ளூர்க் கடை விளம்பரங்களோடு வந்த பொருட்காட்சி மலர் எல்லாமே இந்த வகை. இவற்றை முதலில் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்தது சிறு பத்திரிகைகள். கணையாழியும் தீபமும் 1965-ல் தொடங்கியவை. அந்த முதல் பத்து வருட இதழ்கள் இருந்தால் தொடர்ச்சி அறுந்திருந்தாலும் பரவாயில்லை, வைத்திருங்கள். ‘இன்னும் என்னென்னவோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’, எழுபதுகளில் வந்து நின்றுபோன ‘கசடதபற’ போன்றவை பழைய வார இதழ்களுக்கு நடுவே செருகிக் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒல்லியாக இருப்பதால் கட்டுக்குள் தெரியாது.

சிறுவர் பத்திரிகைகள் அபூர்வமாவதற்குக் காரணம் வேறு. அவை குழந்தைகள் கையில் கிழிந்து தீர்ந்தவை. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவின் ஆரம்பகால இதழ்கள் அட்டையோடு கிடைப்பது கடினம். முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது. அதன் எழுபதுகளின் பிரதிகளைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நல்ல விலையும் தருவார்கள். விற்பது தவறில்லை. ஆனால் பட்டியல் முடியும் முன் விற்காதீர்கள். ‘எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை’ என்று கேட்பவரிடம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பல நூலகங்களில் வார இதழ்களை ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதியாகப் பைண்ட் செய்யும்போது, இடம் மிச்சமாகும் என்று அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டுத் தைத்திருக்கிறார்கள். இன்று ஆராய்ச்சியாளர்கள் தேடி வருவது அந்த அட்டைப்படங்களையும் தைல, சோப்பு, புடவை விளம்பரங்களையும்தான். எனவே உங்கள் கட்டில் நாற்பது, ஐம்பதுகளின் விகடனோ கல்கியோ கலைமகளோ அட்டை கழலாமல் இருந்தால், நூலகத்தில் ஏற்கெனவே அந்த இதழ் இருந்தாலும் உங்கள் பிரதிக்குத் தனி மதிப்பு உண்டு. தீபாவளி மலர்களுக்கும் இது பொருந்தும்.

சரி, பரணுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா மழையில் அங்கே தாள் ஈரம் குடித்துக் கனத்திருக்கும். அப்போது பிளாஸ்டிக் மூட்டையில் கட்டிச் சென்னைக்கு ஏற்றினால் வழியிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். இப்போது கட்டுகளைக் கீழே இறக்கிக் காற்றோட்டமான அறையில், தரையில் படாமல் பெஞ்சின் மேலோ கட்டிலின் மேலோ பரப்புங்கள். மின்விசிறி ஓடட்டும். வெயிலில் காய வைக்க வேண்டாம். மலிவான பத்திரிகைத்தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற இயற்கைப் பொருள் நீக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுத்துப் பழுப்பாகி, அமிலம் ஊறி, கடைசியில் அப்பளம் போல நொறுங்கும். ஒரு நாள் வெயில் அதற்குச் செய்யும் கெடுதல் அதிகம். பழுத்த தாளை மறுபடி வெள்ளையாக்க முடியாது. இன்னும் பழுக்கும் வேகத்தைத்தான் குறைக்கலாம்.

இறக்கும்போது கையுறையும் நல்ல முகக்கவசமும் அவசியம். ஓட்டு வீட்டுப் பரணில் கட்டுக்குள் தேள் இருக்கும். எலி எச்சமும் இருக்கும். பழைய கட்டுகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பொடி தூவியிருந்தால் விபூதி என்று நினைத்து ஊதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் டி.டி.டி., கமாக்சின் என்ற பூச்சிக்கொல்லிப் பொடிகளைத் தாராளமாகத் தூவினார்கள், இரண்டுமே விஷம். அந்த இதழ்களைத் தனியே வைத்து, முற்றத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டுக் கை கழுவுங்கள். அம்மாவை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம், அவர் நோட்டுக்கு வந்தால் போதும்.

பூச்சியில் இரண்டைப் பிரித்து அறிய வேண்டும். தாளின் மேல்பரப்பு மட்டும் சுரண்டப்பட்டு எழுத்து மங்கியிருந்தால் அது ராமபாணம். வெள்ளி மினுக்கோடு ஓடும், பசையும் கஞ்சியும் அதற்குப் பிடித்த தீனி. அந்த இதழ்களைக் காற்றுப் புகாத பையில் இட்டு, வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், வியர்க்கும் ஈரம் பைக்கு வெளியே தங்கிவிடும். மண் வழித்தடம் தெரிந்தால் அது கரையான். செல்லரித்த கட்டை மற்ற கட்டுகளோடு ஒரு மணி நேரம்கூட வைக்க வேண்டாம். அதில் மீட்க எதுவும் இல்லையென்றால் வெளியேற்றுவதுதான் நல்லது, வருத்தம் வேண்டாம்.

அலமாரிக்கு வருவதைப் பற்றி. இரும்பு பீரோ போதும். வெளிச்சுவரை ஒட்டியும் குளியலறைச் சுவரை ஒட்டியும் வைக்காமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரமாக இருக்கட்டும். மெல்லிய இதழ்களை நிறுத்தி வைத்தால் நடுவில் வளைந்துவிடும். படுக்க வைத்து முக்கால் அடி உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும், சணல் கயிறு ஓரத்தை அறுக்கும். அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். உங்கள் அப்பாவின் பழைய வேட்டிகள் இருந்தால் கஞ்சி போடாமல் நன்றாக அலசிக் காயவைத்து, அவற்றில் சுற்றி வையுங்கள். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறைகளைவிட அது நல்ல உறை. சென்னைக் காற்றின் ஈரம் உள்ளே அடைபடாது.

பாச்சை உருண்டை போடவே கூடாது. பூச்சி கொஞ்சம் விலகும், ஆனால் அந்த ஆவி மூடிய அறையில் படுப்பவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஆகாது. வாசனைக்கு ஏதாவது வேண்டும் என்றால் நம்மூர்ச் சுவடிச் சாலைகளின் வழக்கம் ஒன்று இருக்கிறது. வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து, தாளில் படாதபடி மூலையில் வைப்பது. அது பூச்சியைக் கொல்லாது, விரட்ட உதவும். எதை வைத்தாலும் வருடத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைப்பதற்கு ஈடில்லை. சரஸ்வதி பூஜைக்கு முன் ஒரு முறை, மழைக்காலம் முடிந்து மார்கழியில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்புக் கோடாகத் தாளுக்குள் இறங்கியிருக்கும், என்னாலும் அதை எடுக்க முடியாது. லேமினேஷனும் வேண்டாம். துருப்பிடித்த பின்னை மட்டும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி மெதுவாக எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து முடிந்துவிடுங்கள்.

நூலகத்துக்குக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பெரியவரின் வாழ்நாள் சேகரிப்பு நாற்பது மூட்டையாக ஒரு நூலகத்துக்கு வந்ததை நான் அறிவேன். பட்டியல் இல்லை. வாங்கி வைத்தவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. சைக்கிள் கொட்டகையில் இரண்டு மழைக்காலம் கிடந்தன. என்னைக் கூப்பிட்டபோது சாக்கைத் தூக்கினால் மண்ணாகக் கொட்டியது. அந்தப் பெரியவரின் மகனிடம் அதைச் சொல்லப் போனவன் நான்தான். அன்றிலிருந்து பட்டியல் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

உங்கள் நோட்டை முதலில் அனுப்புங்கள், பத்திரிகைகளை அப்புறம் அனுப்பலாம். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததுதான் அதன் வேர். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே நூலகமாக நிலைக்க வழி செய்தது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா பழைய இதழ்களுக்குப் பெயர் பெற்றது, மன்னார்குடியிலிருந்து தூரமும் அதிகமில்லை. இந்த இரண்டு இடங்களுக்கும் பட்டியலின் நகலை அனுப்பி, ‘உங்களிடம் இல்லாதவை எவை?’ என்று கேளுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். அவர்களிடம் ஐந்து பிரதி இருக்கும் இதழை ஆறாவதாக வாங்கிக்கொள்ளச் சொல்வது அவர்களுக்கும் பாரம். கொடுக்கும்போது எந்த இதழ்களைக் கொடுத்தோம் என்று ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயரைப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லிக் கேட்கலாம், அது நியாயமான வேண்டுகோள்.

அதற்குப் பிறகும் மீதம் நிறைய இருக்கும். எண்பது, தொண்ணூறுகளின் வார இதழ்களை மன்னார்குடியிலேயே முதியோர் இல்லத்துக்கோ, படிக்கிற பழக்கமுள்ள அக்கம்பக்கத்தாருக்கோ கொடுங்கள். நன்றாக இருக்கும் இதழ்களைப் பழைய புத்தகக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அதற்கும் பிறகு மிஞ்சுவது எடைக்குப் போகட்டும். அந்த நாளில் அண்ணனை வரச்சொல்லுங்கள். எது போகிறது என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், நோட்டிலும் எழுதியிருக்கும்.

ஸ்கேன் செய்வதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். அங்கே இருக்கும் இதழுக்கு நீங்கள் மெனக்கெட வேண்டாம். சங்கப் பத்திரிகை, ஊர் மலர்கள் போன்றவற்றை மட்டும் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில், அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை ஒரு பக்கம் விடாமல் எடுங்கள். கோப்பின் பெயரில் இதழின் பெயரும் வருடமும் மாதமும் பக்க எண்ணும் இருக்கட்டும். வீட்டுக்கு வைத்துக்கொள்வது வேறு, பொதுவில் ஏற்றுவது வேறு. நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு, ஓர் இதழில் எழுதியவர்களோ பலர். ஸ்கேன் ஆகிவிட்டது என்பதற்காக அபூர்வமான அசலை விட்டுவிடாதீர்கள். வன்தட்டு ஒரு நாள் திறக்காமல் போகும், தாளைத் திறக்க எந்தக் கருவியும் தேவையில்லை.

கடைசியாகத் தாத்தாவின் பைண்டிங். அது கல்கியில் 1950 முதல் 1954 வரை வாரவாரம் வந்த தொடராகவும், மணியம் வரைந்த படங்களோடும் இருந்தால், உங்கள் அலமாரியின் முதல் இடம் அதற்குத்தான். கதை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரு குடும்பம் மூன்றரை வருடம் வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த பிரதி இது ஒன்றுதான். முதுகு விட்டிருந்தாலும் புதிதாகக் காலிகோ பைண்டிங் போடக் கொடுக்காதீர்கள். பைண்டர் ஓரத்தை இயந்திரத்தில் வெட்டி நேராக்குவார், ஓரத்தில் இருக்கும் பென்சில் எழுத்தெல்லாம் போய்விடும். நாடாவால் கட்டி, துணியில் சுற்றிப் படுக்க வையுங்கள். திறக்கும்போது இரண்டு பக்க அட்டைக்கும் அடியில் மடித்த துண்டு வைத்து, முழுக்க விரியாதபடி பாருங்கள்.

‘இந்த வாரம் கிடைக்கவில்லை’ என்று தாத்தா எழுதிய இடத்தில், முந்தைய அத்தியாயத்தின் எண்ணையும் அடுத்ததன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ரோஜா முத்தையா நூலகத்துக்குப் பட்டியல் அனுப்பும்போது, கூடவே அந்த ஒரு வாரத்துப் பக்கங்களின் நகல் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைத்தால் நல்ல வெள்ளைத்தாளில் அச்செடுத்து, அந்த இடத்தில் தனித்தாளாகச் செருகுங்கள். ஒட்ட வேண்டாம், பென்சில் வரியை அழிக்கவும் வேண்டாம். நகலின் அடியில் எந்தத் தேதியில் எங்கிருந்து வாங்கியது என்று நீங்களும் பென்சிலில் எழுதி வையுங்கள்.